திரை இருண்டது, முன்னிலை: நான்

பெருமதிப்புக்குரிய அக்கா அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் ஒரே தம்பியும், முப்பத்தோரு ஆண்டுகள் ஆவணக் காப்பறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனுமாகிய நான் பணிவோடு எழுதுவது. இவ்விடம் நானும் என் மனைவியும் சுகம். தங்கள் சுகத்தையும் மாமாவின் சுகத்தையும் அறிய ஆவல். பத்து நாள் முன்பு தோள்வலிக்காகத் தாங்கள் என் இடது மணிக்கட்டில் மாட்டிவிட்ட வளையத்தை, 'மூன்று மாதம் கழற்றக் கூடாது' என்ற உத்தரவுப்படி, குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை. முழுக்கைச் சட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. வலியும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் உத்தரவு உத்தரவுதான். அதே நாளில் தாங்கள் என்னிடம் ஒப்படைத்த இன்னொரு பொருளாகிய லேப்டாப்பின் சுகம் குறித்தே இந்தக் கடிதம் எழுத நேர்ந்தது.

தாங்கள் கீங்கள்னு இதுக்கு மேல எனக்கு எழுத வரலை அக்கா, நீன்னே எழுதிடறேன். போன்ல சொல்லியிருக்கலாமேனு கேட்பே. போன்ல நான் ஒரு வாக்கியம் முடிக்கறதுக்குள்ள நீ மூணு கேள்வி கேட்பே, நாலாவது கேள்விக்கு நான் பொய் சொல்லிடுவேன். திங்கள்கிழமை அப்படித்தான் ஆச்சு. "ஆச்சாடா?"ன்னே. "ஆச்சுக்கா, ஒரே ஒரு வேலைதான் பாக்கி"ன்னேன். அந்த ஒரே ஒரு வேலை, திரையில படம் தெரியறது. கடிதத்துல நீ குறுக்கே பேச முடியாதுங்கற தைரியத்துல எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி எழுதறேன். நாளைக்குக் காலையில மாமா வந்து லேப்டாப்பை எடுத்துக்கிட்டுப் போகணும், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நீ அந்தப் பள்ளிக்கூடத்துக்காரங்க முன்னாடி உக்காந்து நீ வரைஞ்ச நூலகத்தைத் திரையில சுத்திக் காட்டணும், அவங்க பார்த்துட்டுத்தான் கட்டலாமா வேண்டாமான்னு சொல்லப் போறாங்க. இதெல்லாம் எனக்கு மறக்கலை. பத்து நாளா இதைத் தவிர வேற நினைப்பே இல்லை.

என் கையில நீ எதையும் குடுத்ததே கிடையாது. குத்தம் சொல்லலை, காரணம் இருக்கு. எனக்கு ஒன்பது வயசு, உனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. காலையில உன்னை எழுப்ப வேண்டிய அலாரம் கடிகாரம் திக்கித் திக்கி ஓடுதேன்னு முந்தின நாள் சாயங்காலம் நான் அதைத் திறந்து தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். நல்ல எண்ணத்துலதான். அது திக்கறதை நிறுத்திச்சு, கூடவே ஓடறதையும் நிறுத்திடுச்சு. நீ தலையைக்கூட வாராம ஓடி, அரை மணி நேரம் தாமதமாப் போய்க் கணக்குப் பரீட்சை எழுதினே. "இவன் கை பட்டா எதுவும் உருப்படாது"ன்னு அப்பா சொன்னார். அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், மத்தவங்கதான் ஐம்பது வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்காங்க. ஆபீஸ்லயும் எப்படியோ விஷயம் பரவி, பிரிண்டர்ல காகிதம் சிக்கினா நான் வர்றதுக்குள்ள அதுமேல துணியைப் போட்டு மூடிடுவாங்க. நீ மட்டும் அந்த வார்த்தையை ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லலையே தவிர, உன் வீட்டு இஸ்திரிப் பெட்டி கெட்டுப்போனா பத்துத் தெரு தள்ளி ஆள் தேடுவே, பக்கத்து நாற்காலியில உக்காந்து காபி குடிக்கிற என்கிட்ட கேட்க மாட்டே.

அப்பேர்ப்பட்ட நீ அன்னைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்தே. திரை முழுக்கக் கோடு கோடா, பிரிஞ்ச பாய் மாதிரி இருந்துச்சு. ரெண்டு பேருமாக் கடைவீதிக்குப் போனோம். அங்க மாடிப்படிக்குக் கீழ கடை வச்சிருக்கிற ரிப்பேர்காரர், காதுல எப்பவும் ஒரு திருப்புளியைச் செருகிக்கிட்டுத் திரியறதால அந்தப் பேராலேயே எல்லாரும் கூப்பிடறாங்களே, அவர் பார்த்துட்டு, "கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சும்மா. நிறைய லேப்டாப்ல அது போர்டோட ஒட்டியே இருக்கும், ஒண்ணும் பண்ண முடியாது. உங்களது பழைய கனமான மாடல், கழட்டிட்டு வேற மாட்டலாம்"னார். படத்தை வரைஞ்சு திரைக்கு அனுப்பற பலகையாம் அது. உள்ளங்கை அகலம்தான். "விட்டுட்டுப் போங்க"ன்னு அவர் சொன்னப்ப நீ என்னைத் திரும்பிப் பார்த்தே. "நீயே மாட்டிடறியாடா?"ன்னே. அக்கா, அந்தக் கேள்வியை நீ ஏன் கேட்டேன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை. கடையில கூட்டமா இருந்ததாலயா, என் மூஞ்சி அப்படி இருந்ததாலயா? நான் "அதுக்கென்னக்கா"ன்னு சொல்லிட்டேன். புதுக் கார்டை வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் என் கால் தரையில படலை.

காப்பறை வேலையில நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. எந்தக் காகிதத்தை எடுத்தாலும் எங்கேருந்து எடுத்தோம்னு எழுதாம எடுக்கக் கூடாது. அதனால உன் லேப்டாப்புக்கு ஒரு கோப்பு திறந்தேன். சிரிக்காதே. வரிசை எண், நேரம், செய்த செயல், விளைவு, கடைசியில 'முன்னிலை'. அதாவது அப்ப அது முன்னாடி யார் உக்காந்திருந்தாங்கங்கறது. அந்தக் கட்டம் இல்லாத பதிவேடு வெறும் கோலம்னு எங்க பழைய மேலதிகாரி சொல்வார். ஸ்க்ரூ மொத்தம் இருபத்தொண்ணு. ஒவ்வொண்ணையும் துண்டுக் காகிதத்துல ஒட்டி எண் போட்டேன். அதுல பதினாலாம் எண்ணைக் காணோம். மேஜைக்கடியில தேடினேன், செருப்புக்குள்ள தேடினேன், வீட்டுக்காரி கொண்டையைக்கூட அவிழ்த்து உதறச் சொன்னேன். அரை மணி கழிச்சுப் பார்த்தா என் சட்டைக் கை நுனியிலேயே தொங்கிக்கிட்டிருக்கு. துணியில மாட்டிக்கிச்சு போலன்னு எடுத்து வச்சேன். "கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதுன்னா இதுதான்"னு அவ கொண்டையை முடிஞ்சுக்கிட்டே போனா. எல்லாத்தையும் மாட்டி முடிச்சா ஒரு ஸ்க்ரூ அதிகமா இருக்கு! இருபத்தொண்ணு கழட்டினா இருபத்திரண்டு எப்படி வரும்? நாலு தடவை பதிவேட்டைச் சரிபார்த்தேன், கணக்கு உதைக்குது. ஐந்தாவது தடவை குனிஞ்சப்ப என் மூக்குக்கண்ணாடியோட ஒரு கால் கழண்டு மடியில விழுந்துச்சு. மிச்சம் வந்தது அதோட ஸ்க்ரூ.

பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிஞ்சுது, உள்ளே காத்தாடி சுத்துச்சு, திரையில உன் பேர் வந்துச்சு. கோடே இல்லை அக்கா! பளிங்கு மாதிரி இருந்துச்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. தோள்வலிக்கு வசதியா இடது கையை லேப்டாப் ஓரத்துல சாய்ச்சு வச்சுக்கிட்டு, வலது கை ஒத்தை விரலால நீ எழுதிக் குடுத்த பாஸ்வேர்டைத் தட்ட ஆரம்பிச்சேன். ரெண்டு எழுத்துதான் தட்டியிருப்பேன், டப்புனு இருட்டு. மறுபடி அழுத்தினேன், மறுபடி இருட்டு. அணைச்சு, ஆற வச்சு, திரும்பப் பிரிச்சு, கார்டு சரியா உக்காந்திருக்கான்னு பார்த்து, திரும்ப மூடி, எத்தனை தடவை போட்டாலும் நான் உக்காந்து நாலு எழுத்து தட்டறதுக்குள்ள இருட்டு. ஒவ்வொரு தடவையும் கோப்புல எழுதினேன். திரை இருண்டது, முன்னிலை: நான். திரை இருண்டது, முன்னிலை: நான். எழுதி எழுதி எனக்கே வெட்கமாப் போச்சு.

அப்பதான் எதிர்வீட்டு டீச்சரம்மா ஒரு வயர் குடுத்து, "டி.வி.யில சொருகிப் பாருங்க, அதுல தெரிஞ்சா கார்டு நல்லாத்தான் இருக்குன்னு அர்த்தம்"னாங்க. வீட்டுக்காரி பாஸ்வேர்டைப் போட்டு, உன் படத்தைத் திறந்து குடுத்தா. நான் லேப்டாப்பை மடியில வாங்கிக்கிட்டு உக்காந்தேன். மடியில இருக்கறது வழக்கம்போல இருட்டு. ஆனா டி.வி.யில உன் நூலகம் வந்து சுவரளவுக்கு நின்னுச்சு. நான் அதை அன்னைக்குத்தான் முழுசாப் பார்க்கறேன். ஜன்னல் எல்லாம் என்ன இவ்வளவு தாழ்வா இருக்குனு முதல்ல நினைச்சேன், அப்புறம்தான் உறைச்சுது, தரையில உக்காந்து படிக்கிற குழந்தைக்கு வெளியில மரம் தெரியணும்னு வச்சிருக்கே. படிக்கட்டையே உக்கார்ற இடமாப் பண்ணியிருக்கே. வாசலுக்கு மேல ஒரு சின்ன வட்டம் போட்டு, பக்கத்துல 'கடிகாரம்'னு எழுதியிருக்கே. கீழ் மூலையில 'வரைந்தவர்'னு ஒரு கட்டம், அதுக்குள்ள உன் பேர். முப்பது வருஷம் அந்த இன்ஜினீயர் ஆபீஸ்ல உக்காந்து நீ எத்தனை கட்டடம் வரைஞ்சிருப்பே, ஒண்ணுலயாவது உன் பேர் இருந்துச்சா? அந்தக் கட்டத்துல எப்பவும் அவர் பேர்தானே? எனக்கு அழுகை வந்துடுச்சு அக்கா, இதுல மறைக்கறதுக்கு என்ன இருக்கு. "அண்ணி இவ்வளவு பெரிய ஆளா? நம்ம வீட்டுக்கு வந்தா பேசாம வெங்காயம் உரிச்சுக் குடுத்துட்டுப் போறாங்களே"ன்னு வீட்டுக்காரி வாயைப் பிளந்தா. அதுக்கப்புறம் எனக்குப் பயம் ரெண்டு மடங்காச்சு. ஏன்னா, கெடுத்து வச்சிருக்கறது என்னங்கறது அப்பதான் தெரிஞ்சுது.

திருப்புளிகிட்ட தூக்கிக்கிட்டு ஓடினேன். அவர் மேஜையில வச்சுத் திறந்து அழுத்தினார். படம் ஜம்முனு வந்துச்சு. கால் மணி நேரம் அப்படியே இருந்துச்சு. டாக்டர் வாசலை மிதிச்சதும் காணாமப் போற பல்வலி மாதிரி. "என்ன சார் கம்ப்ளெயின்ட்?"னு கேட்டார். வீட்டுக்கு வந்து உக்காந்தேன், இருட்டு. ரெண்டாவது தடவை போனேன், திரைக்குப் போற கேபிளை மாத்தினார். கடையில படம், வீட்டுல இருட்டு. மூணாவது தடவை போனப்ப அதை முழுசாத் துடைச்சு மென்பொருளையெல்லாம் புதுசா ஏத்தி, ஒரு மணி நேரம் ஓட விட்டார் (பயப்படாதே, உன் படங்களைத் தனியா எடுத்து வச்சுட்டுத்தான்). கடையில படம். வீட்டுல, உனக்கே தெரியும். "உங்க வீட்டு கரன்ட்லதான் சார் ஏதோ இருக்கு"ன்னு சொல்லி நேத்து அவரே கடையைப் பூட்டிட்டு என்கூட வந்துட்டார்.

வந்தவர் சாப்பாட்டு மேஜையில லேப்டாப்பை வச்சார். அழுத்தினார், படம் வந்துச்சு. "நீங்க தட்டுங்கம்மா"ன்னார். வீட்டுக்காரி தட்டினா, படம். டீச்சரம்மா தட்டினாங்க, படம். "கரன்ட் நல்லாத்தான் இருக்கு. இப்ப நீங்க வாங்க சார்"னார். நான் முகம் கழுவிட்டு வந்து உக்காந்தேன். கையைச் சாய்ச்சேன், ஒத்தை விரலை நீட்டினேன். இருட்டு. "சார், கொஞ்சம் எழுந்து அந்த ஜன்னல்கிட்ட நில்லுங்க"ன்னார். நின்னேன். வெளிச்சம். "இப்ப வந்து உக்காருங்க." உக்காந்தேன். இருட்டு. அவர் காதுல இருந்த திருப்புளியை எடுத்து அதையே கொஞ்ச நேரம் பார்த்துட்டுத் திரும்பக் காதுலயே செருகிக்கிட்டார். "இருபது வருஷத்துல இப்படி ஒரு கேஸ் பார்த்ததில்லை சார். காரணம் தெரியாத கோளாறைச் சரி பண்ணிட்டேன்னு நான் சொல்ல மாட்டேன்"னார். நல்ல மனுஷன். குடுத்த டீயைக்கூடப் பாதியிலயே வச்சுட்டுப் போயிட்டார்.

அவர் போனதும் நான் கோப்பை எடுத்து ஆரம்பத்துலேருந்து படிச்சேன். நாற்பத்து மூணு பதிவு. இருபத்தேழு தடவை திரை இருண்டிருக்கு, இருபத்தேழுலயும் கடைசிக் கட்டத்துல 'நான்'. பதினாறு தடவை படம் அணையாம இருந்திருக்கு, ஒண்ணுலகூட நான் இல்லை. நாள் நட்சத்திரம், ராசி கீசியெல்லாம் நான் நம்பற ஆள் இல்லைனு உனக்குத் தெரியும். ஆனா முறையா எழுதி வச்ச காகிதத்தை நம்பாம இருக்க எனக்குத் தெரியாதே அக்கா. முப்பத்தோரு வருஷம் சோறு போட்டது அதுதானே. அப்பா ஏதோ அன்னைக்குக் கோபத்துல சொல்லிட்டார்னுதான் இத்தனை வருஷமா நான் என்னைச் சமாதானப்படுத்திக்கிட்டிருந்தேன். கோபத்துல சொல்றது தப்பாவும் இருக்கலாமில்லையா? இப்ப என் கையெழுத்துலேயே சாட்சி வந்துடுச்சு. ஒரு மனுஷன் வேணும்னு எதையும் கெடுக்காம, நல்லது பண்ணணும்னே நினைச்சு, தொட்டதெல்லாம் அணைஞ்சு போனா அவன் என்னதான் பண்ணுவான்? காலையிலேருந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டிருக்கேன். பார்க்கறதுக்கு எல்லார் கை மாதிரியும்தான் இருக்கு.

ஆகவே அக்கா, இதுதான் முடிவு. உன் வீட்டுல இது ஒழுங்கா ஓடினாலும் ஓடும். ஆனா காரணம் தெரியாத கோளாறு, வெள்ளிக்கிழமை நீ பாதியில காட்டிக்கிட்டிருக்கும்போது அணைஞ்சா என்ன பண்ணுவே? இதை நம்பிப் போகாதே. சாதாரண லேப்டாப்ல உன் கட்டடம் நகராதுன்னு நீ சொன்னது நினைவிருக்கு. பழைய ஆபீஸ்ல யாரையாவது கேட்டு ஒண்ணு இரவல் வாங்கிக்கோ, என்னால உனக்கு இந்த அலைச்சல். இனிமே நான் எதையும் திறக்கறதா இல்லை. வீட்டுல பல்பு மாத்தணும்னாலும் ஆள் கூப்பிடப் போறேன். என்கிட்ட இருந்த நாலு திருப்புளியையும் டீச்சரம்மாகிட்ட குடுத்துட்டேன். லேப்டாப்பை வீட்டுக்காரியே பையில வச்சு அவளே மாமா கையில குடுப்பா, அந்தப் பையோட ஜிப்பைக்கூட நான் தொட மாட்டேன். ஐம்பது வருஷம் கழிச்சு நீ ஒரு தடவை என்னை நம்பினே. அந்த ஒரு தடவையை நான் காப்பாத்திக்கலை. மன்னிச்சுடு.

மாமாவுக்கு என் வணக்கங்கள். வெயில்ல அலைய வேண்டாம்னு சொல்லு. உன் மூட்டுக்கு நான் சொன்ன பயிற்சியைச் செய், அதுல என் கை படலை. வெள்ளிக்கிழமை உன் நூலகத்துக்கு எல்லாரும் சரின்னு தலையாட்டணும்னு உன் காலைத் தொட்டுக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
தொட்டது துலங்காத
உன் தம்பி

பின்குறிப்பு: மேலே கண்ட அனைத்தும் இதன்மூலம் ரத்து செய்யப்படுகின்றன.

அக்கா, கடிதத்தை மடிச்சு, கோப்பையும் சேர்த்துக் குண்டூசி குத்தலாம்னு டப்பாவைத் திறந்து இடது கையை நீட்டினேன். நான் எடுக்கறதுக்குள்ள குண்டூசியெல்லாம் எழும்பி என் சட்டைக் கையில வந்து ஒட்டிக்கிச்சு! முள்ளம்பன்றி மாதிரி நிக்கறேன், வீட்டுக்காரி பார்த்தா. சட்டைக் கையைச் சுருட்டினா. உன் வளையத்தைப் பார்த்தா. "அன்னைக்கு ஸ்க்ரூவும் இங்கேதானே தொங்கிச்சு?"ன்னா. அதைக் கழட்டி (நான் தடுத்தேன், உன் உத்தரவுனு சொன்னேன், கேட்கலை) ஓடிக்கிட்டிருந்த லேப்டாப்போட இடது ஓரத்துல கொண்டுபோய் வச்சா. இருட்டு. எடுத்தா, வெளிச்சம். வச்சா, இருட்டு. வளையம் வந்த அட்டைப்பெட்டியைக் கோப்புலதான் வச்சிருந்தேன். எடுத்துப் பொடி எழுத்தைப் படிச்சேன். 'எட்டு சக்திவாய்ந்த காந்தங்கள் கொண்டது.' உடனே திருப்புளிக்குப் போன் போட்டேன். அவர் ரெண்டு நிமிஷம் சிரிச்சுட்டுச் சொன்னார்: "மூடியில ஒரு காந்தம் இருக்கும் சார், மூடினா ஓரத்துல இருக்கிற சென்சார் அதைக் கண்டு திரையை அணைச்சிடும். உங்க கை வந்ததும் மூடிட்டாங்கனு நினைச்சு அது தூங்கிடுச்சு. சட்டைக்குள்ள இப்படி ஒண்ணு வச்சிருக்கீங்கன்னு நான் எங்க கண்டேன்? லேப்டாப்ல ஒரு குறையும் இல்லை. தைரியமா அனுப்புங்க." கார்டு எப்படி மாட்டியிருக்குன்னு கேட்டேன். "கச்சிதமா மாட்டியிருக்கு சார், நான் மாட்டினாலும் இவ்வளவுதான்"னார். லைன் சரியில்லைன்னு பொய் சொல்லி அதை இன்னும் ரெண்டு தடவை சொல்ல வச்சேன்.

அதனால இதை நம்பிப் போ. வெறுங்கையோட ஒரு மணி நேரம் உக்காந்து உன் நூலகத்தை முழுசாச் சுத்தி வந்துட்டேன், அணையலை. கோப்பை இத்தோட வச்சிருக்கேன், கடைசி வரியை மட்டும் பாரு. பதிவு நாற்பத்து நாலு: திரை ஒளிர்ந்தது, முன்னிலை: நான்.

அலாரம் கடிகாரம் மட்டும் நான்தான். அதுல எந்தக் காந்தமும் இல்லை, ஒத்துக்கறேன். ஆனா நூலகம் கட்டி முடிச்சு, வாசலுக்கு மேல நீ வட்டம் போட்டிருக்கியே, அந்தக் கடிகாரம் என்னைக்காவது நின்னுபோனா வேற ஆள் தேடாதே, எனக்குச் சொல்லி அனுப்பு. வளையத்தைக் கழட்டி வச்சுட்டு வரேன்.